முதல் ஊத்தா

வீரனுக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. தொண்டை வரைக்கும் வரும். அங்கே சற்று நேரம் உட்கார்ந்து யோசிக்கும். பிறகு ‘சரிங்க’ என்று வேறு வேஷத்தில் வெளியே வரும். இந்தக் கோளாறினால் அவன் வீட்டுச் சுவரில் மூன்று கட்சிக் காலண்டர்கள் அடுத்தடுத்துத் தொங்கின; மூன்று பேரிடமும் தலையாட்டியிருந்தான். பந்தல் போடுவது அவன் தொழில். ஒரே முகூர்த்தத்தில் தாடிக்கொம்பில் இரண்டு, அகரத்தில் ஒன்று என்று மூன்று கல்யாண வீடுகளுக்கு ஒத்துக்கொண்டு, மூன்றாவது வீட்டில் மாப்பிள்ளையின் தம்பிமார்களைக் கூட்டிக்கொண்டு மூங்கில் நட்ட சரித்திரமும் அவனுக்கு உண்டு.

வைகாசி பிறந்த ஆறாம் நாள், திங்கட்கிழமை காலையில், ஊர்ப் பெரியவர் கருப்புசாமி அவன் வாசலில் வந்து நின்றபோதும் அதுதான் நடந்தது.

“அப்பு வீரா, வந்தவன உக்காரச் சொல்ல மாட்டியா?”

“வாங்கய்யா. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. அதுக்கும் மூணு காலு.”

“அதுல நான் உக்காந்தேன்னா ஊருக்குப் புதுப் பெரியவரத் தேட வேண்டி வரும்” என்று சொல்லிவிட்டு, கருப்புசாமி அங்கே சாய்த்து வைத்திருந்த மூங்கில் கட்டின் மேல் உட்கார்ந்தார். கூட வந்த வார்டு மெம்பர் மணிமாறன் செல்போனைப் பார்த்தபடி நின்றான். சிரிப்பு அதோடு முடிந்தது. பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துண்டை மடிக்கு இறக்கினால் ஊர்க் காரியம் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

ஆலம்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் மருதங்குளத்தை ஏலம் விடும் வழக்கம் இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊரே இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததை விற்கக் கூடாது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன்குழம்பு. பிடிக்காத வீட்டுக்குப் பிடித்த வீடு கொடுத்துவிட வேண்டும். இன்னொரு கட்டும் உண்டு. குளம் ஒரு உயிரை எடுத்துவிட்டால், அந்த வீட்டார் வந்து முதல் ஊத்தாவை, மீன் பிடிக்கும் கூடையை, தண்ணீரில் போடுகிறவரைக்கும் வேறு யாரும் வலையோ ஊத்தாவோ கொண்டு இறங்கக் கூடாது. இரண்டு வருசம் அந்த வீட்டாரிடம் யாரும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. மூன்றாம் வருசம் ஊர்ப் பெரியவர் போய் ஒரு தடவை கேட்கலாம். ஒரே ஒரு தடவை.

வீரனின் மகள் தமிழ்நிலா அந்தக் குளத்தில் போய் இது மூன்றாம் வருசம்.

“நேத்து மட்டும் நூறு கெண்ட செத்து மெதக்குது” என்றார் கருப்புசாமி. “கொக்குக்குத் தின்னு மாளல. இன்னும் பத்து நாளு இந்த வெயிலு அடிச்சா அம்புட்டும் நாறிப் போகும். அதுக்காக எறங்குன்னு நான் சொல்லல. கொளத்தக் காக்குற மடைக்கருப்பும் சொல்லல. கேக்குறேன், அம்புட்டுத்தான். முடியாதுன்னா ஒரு வார்த்த சொல்லிரு. ஒருத்தன் உன்னைய ஏன்னு கேக்க மாட்டான்.”

ஊரே சேர்ந்து அவனுக்காக அந்தச் சொல்லை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டியது மாதிரி இருந்தது. வீரன் வாயைத் திறந்தான்.

“சரிங்கய்யா.”

பெரியவரே கொஞ்சம் திடுக்கிட்டார். “வீட்ல கேட்டுக்கிட்டுச் சொல்லுப்பா.”

“கேட்டுக்கிறேங்கய்யா. அது ஒண்ணும்… சரிதாங்க.”

மணிமாறன் செல்போனில் இருந்து தலையை நிமிர்த்தினான். “மாமா, கம்பில வெல்டிங் வச்ச ஊத்தா என்கிட்ட ரெண்டு கெடக்கு. ஒண்ண எடுத்துக்கங்க. உங்களுக்கு எதுக்குச் செரமம்?”

“மொத ஊத்தா இரும்புல ஆகாதுடா” என்றார் பெரியவர். “மண்ணுல மொளச்சதுல கட்டணும். அந்த வீட்டுக் கைதான் கட்டணும், அந்த வீட்டுக் கைதான் உள்ள போகணும். வாங்கி வந்தும் ஆகாது, இரவல் வாங்கியும் ஆகாது.” எழுந்து துண்டைத் தோளில் போட்டார். “வர்ற ஞாயித்துக்கெழம வச்சுக்குவோம் அப்பு.”

சிவனம்மாள் அப்போது அரை மைல் தள்ளிக் கனகாம்பரத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் எப்படிச் சொல்வது என்று வீரன் நான்கைந்து விதமாக யோசித்து வைத்தான். எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. எதிர் வீட்டில் இருக்கும் அவன் அக்கா முத்துப்பேச்சி தெருமுனையிலேயே நாத்தனார் உரிமையோடு அவளை நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள். சிவனம்மாள் உள்ளே வந்தாள். முகம் கழுவினாள். சோறு போட்டாள். தட்டில் சோறும் ரசமும் இருந்தன. வெஞ்சனம் இல்லை. ஒரு வடகம், ஒரு ஊறுகாய்த் துண்டு, கருவேப்பிலைகூட இல்லை.

இருபத்திரண்டு வருசக் குடித்தனத்தில் அவளுக்குக் கோபம் வந்தால் திட்டுவாள். அதிகக் கோபம் வந்தால் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். வெஞ்சனம் இல்லாத தட்டை அவன் பார்த்ததில்லை.

“பெரியவரு வந்தாரு” என்றான்.

அவள் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தான். சிறுமலைப் பக்கம் போகும் வண்டிப்பாதை வேலியில் ஊணாங்கொடி செழித்துக் கிடக்கும். முற்றாமலும் இளசாக இல்லாமலும் பார்த்து ஒரு கட்டு அறுத்து வந்தான். வெயிலில் கிடந்தால் முறிந்துவிடும் என்று ஈரச் சாக்கில் சுற்றி வைத்தான். பனைமட்டையில் நார் கிழித்து ஊறப்போட்டான். பந்தல் மூங்கிலில் கணு நெருக்கமில்லாத ஒன்றை எடுத்து, ஒன்றரை முழத் துண்டாக நறுக்கி, நாலாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் மறுபடி பிளந்து, விரல் அகலக் குச்சிகளாகச் சீவத் தொடங்கினான்.

ஊத்தா என்பது அடியில்லாத கூடை. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். கலங்கிய தண்ணீரில் சேறு வரைக்கும் குத்தி நிறுத்தினால், உள்ளே மாட்டிய மீன் குச்சிகளில் முட்டும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டியதுதான். அதனால் மேல்வாய் என்பது கையை விடப்போகிறவருடைய புஜத்தின் அளவு. அதற்கு மேல் இரண்டு விரல் இடம். பெரிதாகப் போய்விட்டால் விரால் கையை இடித்துத் தள்ளிக்கொண்டு அதே வழியாகத் துள்ளிப் போய்விடும்.

முத்துப்பேச்சி மொச்சைக்குழம்புக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். தம்பியின் தட்டு நிலவரம் அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது.

“ஏலே வீரா, நீ கட்டுறது சரி. உள்ள கைய விடப் போறது யாரு?”

“நாந்தான்.”

“நீயா?” அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “பல்லி விழுந்துச்சுன்னு பாயச் சுருட்டிக்கிட்டு என் வீட்ல வந்து படுத்தவன் நீ. உள்ள கெடக்குறது கெளுத்தியா தண்ணிப்பாம்பான்னு தெரியாம கைய விட்டுருவியாக்கும்?”

“பழகிக்க வேண்டியதுதான்க்கா.”

“அதுக்குத்தான அந்தப் புள்ள…” என்றவள் நிறுத்திக்கொண்டாள். கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். எடுத்து அதே இடத்திலேயே வைத்தாள். “மொச்சைல உப்புக் கம்மி. போட்டுக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் நிறுத்திய இடத்தில் வீரனுக்கு மீதி தானாக ஓடியது. அந்த வீட்டில் ஊத்தாவைக் கட்டுவது அவன். கையை விடுவது நிலா. பதினோரு வயசில் ஆரம்பித்தாள். அவன் முழங்கால் தண்ணீரில் நின்று ஊத்தாவைக் குத்திவிட்டு, ஏதாவது முட்டினால், “ஏத்தா நிலா, வா வா, என்னமோ இருக்கு” என்று கத்துவான். அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடி வந்து தோள் வரைக்கும் கையை விட்டு, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி துழாவுவாள். “அப்பா, விரால்ப்பா! கடிக்காது, தொட்டுப் பாருங்க!” என்று அவன் மூக்குக்கு நேரே நீட்டுவாள். அவன் பின்னால் போய் விழுந்து மூழ்கி எழுந்த கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். தன்னைப் பற்றிய கேலிக்கதையில் அவன்தான் முதல் ஆளாகச் சிரிப்பான்.

வருசத்துக்கு வருசம் மேல்வாயைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கட்டினான். கடைசியாகக் கட்டியது அவளுக்குப் பதினேழு நடந்தபோது.

புதன், வியாழன் இரண்டு நாளும் சீவினான். ஐம்பத்தாறு குச்சி தேறியது. அடிமுனையைக் கூராக்கினான், சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். விளிம்பில் சிலாம்பு இல்லாமல் வழித்தான். வெள்ளிக்கிழமை ஊணாங்கொடியை மூன்று மூன்றாக முறுக்கி, மூன்று வளையம் செய்தான். கீழ்வளையத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஈர நாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினான். இரண்டு குச்சிக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி. பந்தல் கட்டுகிற கை. முடிச்சுக்குப் பஞ்சமில்லை.

இந்த நாலு நாளும் சிவனம்மாள் விடிவதற்கு முன் பூ எடுக்கப் போனாள், ஒன்பது மணிக்கு வந்தாள், சமைத்தாள், துவைத்தாள். குளத்துப் பக்கம் திரும்பாத நடை அவளுக்கு இப்போது பழகிவிட்டது. கரை வழியாகப் போனால் தோட்டம் எட்டு நிமிசம். அவள் மூன்று வருசமாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்திருப்பவனையும் அதே மாதிரி சுற்றிப் போனாள். ஊத்தாவை ஒரு தடவையும் பார்க்கவில்லை. வீரன் தனக்குத்தானே பேசுவது போல, “கொடி நல்லா வாகா வளையுது” என்றான். “நார் நல்ல நாரு” என்றான். சாயங்காலத்துக்குள் மூங்கிலைப் பற்றி, வெயிலைப் பற்றி, பெரியவரின் மூட்டுவலியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மேல்வாய்க்கு வந்தான். இதுதான் நிதானமான வேலை. ஐம்பத்தாறு குச்சியின் தலையையும் ஒடித்துவிடாமல் உள்ளே வளைத்து, சின்ன வளையத்துக்குள் அடக்கி, நாரைச் சுற்றிச் சுற்றி, கை உரசினாலும் கீறாதபடி மெத்தென்று ஆக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவான். கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தான். நாலு மணிக்குக் கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கி, நிமிர்த்தி வைத்தான். நல்லா இருந்தது. அதை அவனே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லையே.

சிவனம்மாள் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊத்தாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வலது கையை மேல்வாய்க்குள் விட்டாள். முழங்கை போனது, புஜம் போனது, தோளில் வந்து நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். கையை வெளியே எடுத்தாள்.

“இது யாரு அளவு?”

ஐந்து நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. வீரனுக்கு முதலில் சந்தோசமாகக்கூட இருந்தது.

“யாரு அளவுங்குறேன்.”

வீரன் தன் கையை உள்ளே விட்டான். மூங்கில் சுமந்து உரம் ஏறிய கை. முழங்கைக்குக் கீழேயே இறுகி நின்றுவிட்டது.

“நான் அளக்கல சிவனம்மா” என்றான். “கட்டும்போது தோணல. கை பாட்டுக்குக் கட்டிருச்சு.”

“இப்பவும் அவளத்தான் எறக்கி விடப் பாக்குறீக.”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. எதிர் வீட்டில் முத்துப்பேச்சி முறத்தைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது; அது நின்றது.

மூன்று வருசத்துக்கு முந்திய ஐப்பசியில் குளம் நிறைந்து கிடந்தது. பந்தல் மூங்கிலைப் பூச்சி அரிக்காமல் இருக்கக் குளத்தில் ஊறப்போட்டிருந்தான். கட்டு அவிழ்ந்து நாலைந்து மூங்கில் உள்ளே மிதந்து போயிற்று. இடுப்பளவுத் தண்ணீர்தான். இறங்கினால் எட்டிப் பிடித்துவிடலாம். “ஏத்தா நிலா, அத செத்தத் தள்ளி விடு, நான் கரைல நின்னு இழுத்துக்கிறேன்” என்றான். அவளும் இறங்கினாள். செங்கல் சூளைக்காக யாரோ வண்டி வைத்துக் கரம்பை மண் அள்ளிய பள்ளம் அங்கே இருந்தது. மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது. இரண்டு மூங்கிலைத் தள்ளிவிட்டாள்; அதை அவன் இழுத்துக் கரையில் போட்டான். திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது மூங்கில் மட்டும் மிதந்தது. அவன் கரையில் நின்று கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான். மணிமாறன் வந்து குதிக்கிறவரைக்கும் கத்தினான்.

இதை அவன் மறைக்கவில்லை. போலீசில் சொன்னான், ஊரில் சொன்னான், அவளிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சைத் தொடவே இல்லை.

“அன்னைக்கு நீங்க எறங்கியிருந்தா?” என்றாள் சிவனம்மாள்.

“எனக்கு நீச்சல் தெரியாது சிவனம்மா. நான் போயிருப்பேன்.”

“ஆமா.”

வீரன் அவளைப் பார்த்தான்.

“நீங்க போயிருப்பீக. அவ அழுதுக்கிட்டு இருப்பா. நானும் அவளும் ஒரு பாயில உக்காந்து அழுதுக்கிட்டு இருப்போம்.” மடியில் கிடந்த துணியை ஒவ்வொன்றாக உதறி மடிக்கத் தொடங்கினாள். “அழுதுக்கிட்டாவது இருப்பா.”

சட்டை, துண்டு, தலையணை உறை என்று மடித்து அடுக்கி முடித்தாள். எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீரன் அரிவாளை எடுத்தான். மேல்வாயை அறுத்து, அகலமாகத் திரும்பக் கட்ட வேண்டும். ராத்திரிக்குள் முடியாத வேலை ஒன்றும் இல்லை. குச்சித் தலைகள் முறிந்தாலும் நாலைந்துதான் முறியும். அரிவாள் முனையை நாரில் வைத்தான். அந்த அளவை அறுக்கக் கை வரவில்லை. இன்னொரு தடவை வைத்தான். பிறகு அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு, ஊத்தாவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊர்க்காரர்கள் கரையில் கூடிவிட்டார்கள். ஊத்தா, கச்சா வலை, கொசுவலை, பழைய சேலை, பெயிண்ட் வாளி என்று கைக்குக் கிடைத்ததோடு வந்திருந்தார்கள். சுற்றுப்பட்டியில் இருந்து டி.வி.எஸ்.ஸில் இரண்டு இரண்டு பேராக வந்திறங்கினார்கள். மூன்று வருசமாகப் பிடிக்காத குளம். குத்தினால் வெடிக்கும் போல மீன் இருந்தது. ஆனால் ஒரு கால் தண்ணீரில் படவில்லை. மடைக்கருப்புக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கருப்புசாமி வெள்ளைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீரன் தனியாக ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். வரும்போது சிவனம்மாள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். போய் வருகிறேன் என்று சொன்னதற்குத் திரும்பவில்லை. வலது கையில் நல்லெண்ணெய் தடவியிருந்தான். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்று ஒரு யோசனை. இந்த மாதிரி யோசனைகள் அவனுக்கு எப்போதும் வரும்.

“எறங்கு அப்பு” என்றார் பெரியவர்.

இறங்கினான். முழங்கால் வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். காலுக்கடியில் என்னென்னவோ நெளிந்தது. இருபது அடி போய், ஊத்தாவைத் தூக்கிக் குத்தினான். உடனே உள்ளே மடார் மடார் என்று குச்சிகள் அதிர்ந்தன. கரையில் ஒரு மூச்சு எழும்பி அடங்கியது.

வீரன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். எண்ணெய் கொஞ்சம் உதவியது. முழங்கை உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் போகவில்லை. மீன் அவன் விரல் நுனியில் வந்து வந்து இடித்தது. அவன் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். நார் தோலைப் பிடித்தது. சரி, எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று இழுத்தான். வரவில்லை. கை உள்ளே வீங்கிக்கொண்டு மாட்டிவிட்டது. ஊத்தாவைத் தூக்கினால் மீன் போய்விடும். தூக்காவிட்டால் அவன் அங்கேயே நிற்க வேண்டும். ஊரே பார்க்க, ஒரு கையில் ஊத்தாவை மாட்டிக்கொண்டு, குனிந்தபடி நின்றான். வெளியூர்க்காரன் ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான். மணிமாறன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயைப் பொத்திக்கொண்டான். வேறு எப்போதாவது இருந்தால் வீரனே முதலில் சிரித்திருப்பான்.

கரையில் கூட்டம் விலகியது. சிவனம்மாள் வந்துகொண்டிருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். “ஆத்தா, பாத்து” என்றாள் முத்துப்பேச்சி. அவள் காதில் வாங்கவில்லை. நேராகத் தண்ணீரில் இறங்கி, அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அமுக்காதீக. கைய மடக்காம தளத்தியா விடுங்க.”

விட்டான். அவள் ஒரு கையால் ஊத்தாவை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் முழங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வெளியே எடுத்தாள். சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு தன் கையை விட்டாள்.

மூன்று வருசத்தில் அவள் கை மெலிந்திருந்தது. தங்கு தடையில்லாமல் தோள் வரைக்கும் போயிற்று. குனிந்து, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கன்னத்தை ஊத்தாவின் மேல் வைத்துக்கொண்டாள். குச்சிகள் ஒரு பக்கம் அதிர்ந்தன, இன்னொரு பக்கம் அதிர்ந்தன. மீன் அவள் கையைச் சுற்றியே ஓடுகிறது என்று கரையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. கை அடிச்சேற்றில் துழாவிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரு இடம் விடாமல். கரையில் நானூறு பேர் நின்றார்கள். கொக்கு ஒன்று எழும்பிப் பறந்து இன்னொரு இடத்தில் உட்கார்ந்தது.

“என்ன இருக்கு சிவனம்மா?” என்றான் வீரன்.

அவள் கை இன்னொரு சுற்று சேற்றைத் தடவி வந்தது.

“மீனுதான்” என்றாள்.

அதன் பிறகுதான் பிடித்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கிக் கரைக்கு எறிந்தாள். அது கருப்புசாமியின் காலடியில் போய்த் துள்ளியது. அவர் குனிந்து அதைத் தொட்டுவிட்டு, நிமிர்ந்து, வெள்ளைத் துண்டை மூன்று தடவை வீசினார்.

கரை சரிந்து விழுந்த மாதிரி கூட்டம் தண்ணீரில் பாய்ந்தது. ஒரே கூச்சல், ஒரே சேறு. “விடாத விடாத!”, “ஏலே காலுக்குள்ள போகுது பாரு!”, “அய்யோ என் வளையலு!” குளம் ஒரு நொடியில் குழம்பாகிவிட்டது. வீரன் கரைக்குத் திரும்பினான். அவன் பங்குக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது.

சிவனம்மாள் நகரவில்லை.

“செத்தத் தள்ளிப் போடுங்க” என்றாள்.

ஓரடி தள்ளி ஊத்தாவைக் குத்தினான். அவள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு ஜிலேபி மீன் வந்தது. பார்க்காமல் பக்கத்தில் நின்றவன் வாளியில் போட்டாள். “இன்னுங் கொஞ்சம்.” மறுபடி குத்தினான். மறுபடி துழாவினாள். கெண்டை வந்தது, ஒன்றும் வராமலும் இருந்தது. அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கையில் வந்ததை முத்துப்பேச்சியின் மடியிலும் யார் யாரோ வைத்திருந்த கூடையிலும் போட்டுக்கொண்டே நடந்தாள். அவர்கள் போகிற திசையில் ஆட்கள் தாமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். என்ன தேடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலாவை அன்றைக்கே எடுத்து, மறுநாளே எரித்து, சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும். வீரன் ஓரடி ஓரடியாகக் குத்திக்கொண்டு போனான்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் வடக்கோரத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஆட்கள் இல்லை. தண்ணீர் நிறம் மாறிக் கருத்திருந்தது. சிவனம்மாள் காலை எடுத்து முன்னால் வைக்கப் போனாள்.

“நில்லு” என்றான் வீரன்.

ஊத்தாவை அவள் கையில் கொடுத்தான். “நீ இங்ஙனயே நில்லு. நான் மொதல்ல போறேன்.”

கரம்பைப் பள்ளத்தின் விளிம்பு காலுக்குத் தட்டுப்பட்டது. ஒரு காலை இறக்கினான். இடுப்புக்கு வந்தது. இன்னொரு அடி. நெஞ்சு. இன்னொரு அடி வைத்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்து, தாடையைத் தொட்டு நின்றது. மூன்று வருசத்தில் சேறு பாதியை அடைத்திருந்தது. இரண்டு காலும் அடியில் ஊன்றிவிட்டன.

“தரை இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“அங்ஙனதானா?”

“இங்ஙனதான்.”

அவள் ஊத்தாவை மார்போடு அணைத்துக்கொண்டு விளிம்பில் நின்றாள். பின்னால் ஊர்க் கூச்சல் எங்கேயோ கேட்டது.

“கீழ எப்புடி இருக்கு?”

வீரன் காலால் தடவினான். “மெத்துன்னு இருக்கு. கல்லு, முள்ளு ஒண்ணும் இல்ல. சேறுதான். பஞ்சு கணக்கா இருக்கு.”

அவள் ஊத்தாவை இன்னும் இறுக்கிக்கொண்டு கேட்டாள்:

“ரொம்பக் குளிருதா?”

பள்ளத்தின் அடியில் வெயிலே எட்டாத தண்ணீர். பாதம் மரத்துப்போய், குளிர் எலும்பில் ஏறிக்கொண்டிருந்தது. பல் கிட்டிவிடாமல் வாயை இறுக்கி மூடித் திறந்தான்.

“இல்ல சிவனம்மா” என்றான். “வெதுவெதுன்னுதான் இருக்கு.”